ஆர்தர் சி. கிளார்க்

ஆர்தர் சார்ல்ஸ் கிளார்க் (டிசம்பர் 16, 1917 - மார்ச் 19, 2008) ஒரு புகழ்பெற்ற அறிபுனை எழுத்தாளரும் அறிவியல் கட்டுரையாளரும் ஆவார். இங்கிலாந்தில் பிறந்த இவர் 1956 முதல் தமது இறுதிக்காலம் வரை இலங்கையில் வாழ்ந்தார். ஸ்டான்லி குப்ரிக்குடன் இணைந்து உருவாக்கிய 2001: எ ஸ்பேஸ் ஒடிசி என்னும் திரைப்படத்தின் மூலமும், புவிநிலைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் தொலைத்தொடர்பு வசதி அளிக்கலாம் என்று 1945 இல் எழுதிய கட்டுரையின் மூலமும் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

எழுத்தாளராகப் பெயர் பெறுவதற்கு முன்னர் ஏறத்தாழ பத்தாண்டுகள் கிளார்க் அறிபுனை ஆர்வலர் சங்கங்களிலும் விண்வெளி ஆர்வலர் கழகத்திலும் ஊதியம் பெறாத தொண்டராகப் பணியாற்றினார். கணக்கு எழுதுதல், இதழ்களுக்குத் துணையாசிரியராக இருத்தல், கூட்டங்களுக்கு இடம் கொடுத்தல், விரிவுரை ஆற்றுதல் ஆகியவை இவரது பணிகளாக இருந்தன. இவரது பிற்காலச் சாதனைகள் பலவற்றின் தொடக்கத்தை இச்சங்கங்களில் காணலாம்.

இளமைக்காலம்

கிளார்க் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் உள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தை சார்ல்ஸ் ரைட் கிளார்க், தாய் நோரா ஆகிய இருவரும் அஞ்சல் துறையில் பணியாற்றியவர்கள். முதல் உலகப் போரில் பங்கேற்ற தந்தை நச்சுவளியால் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். போருக்குப் பின்னர் குடும்பத்தினர் பிஷப்ஸ் லிடியார்டு என்னும் சிற்றூருக்கு அருகே பண்ணை ஒன்றை வாங்கி வேளாண்மை செய்தனர். 1931 இல் தந்தை இறந்தபோது கிளார்க்கின் வயது 13. அதன் பின்னர் பண்ணையையும் பிள்ளைகளையும் தாயே கவனித்துக்கொண்டார்.

சிகரெட் பெட்டிகளில் இலவசமாக வைக்கப்பட்டிருந்த தொல்லுயிரிப் பட அட்டை ஒன்றைத் தந்தை கொடுத்ததிலிருந்து தமக்கு அறிவியலில் ஆர்வம் பிறந்ததாகக் கிளார்க் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். வில்லைகளையும் அட்டைக் குழாய்களையும் கொண்டு தாமே தொலைநோக்கி செய்து, நிலவின் மேற்பரப்பை வரைபடமாக வரைந்தார். டான்டன் நகரில் உள்ள ஹூயிஷ் பள்ளியில் பயின்றபோது பள்ளி இதழில் எழுதத் தொடங்கினார்.

அறிபுனை இதழ்களும் வாசகர் சங்கங்களும்

கிளார்க்கின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அக்கால அறிபுனை இதழ்களைப் பற்றி அறிதல் தேவை. 1926 ஏப்ரலில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பாக் என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் அமேசிங் ஸ்டோரீஸ் என்னும் இதழைத் தொடங்கினார். அறிபுனைக் கதைகளுக்கு மட்டுமே உரிய முதல் ஆங்கில இதழ் இதுவாகும். இவ்விதழில் வெளியான வாசகர் கடிதங்களின் கீழே கடிதம் எழுதியவரின் முழு முகவரியும் அச்சிடப்பட்டது. இதனால் ஒருவரையொருவர் அறியாத வாசகர்கள் நேரடியாகக் கடிதத் தொடர்பு கொள்ள முடிந்தது. ஆர்வலர் சங்கங்கள் இக்கடிதத் தொடர்புகளிலிருந்தே தோன்றின. 1934 இல் ஜெர்ன்ஸ்பாக் அறிபுனைக் குழுமம் என்னும் அமைப்பை நிறுவினார். இங்கிலாந்தில் லீட்ஸ், நன்ஈட்டன் முதலிய ஊர்களில் அதன் கிளைகள் அமைந்தன.

விற்காமல் எஞ்சிய அமெரிக்க இதழ்கள் கப்பல்கள் வழியாக இங்கிலாந்துக்கு வந்து மலிவு விலையில் விற்கப்பட்டன. கிளார்க் முதன்முதலில் பார்த்த அறிபுனை இதழ் அமேசிங் ஸ்டோரீசின் 1928 நவம்பர் இதழாகும். அதன் பின்னர் கையில் கிடைத்த காசையெல்லாம் இவ்விதழ்களுக்குச் செலவிட்டார். மைன்ஹெட் நூலகத்தில் கிடைத்த ஓலாஃப் ஸ்டேப்பிள்டனின் லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென் (1930) என்னும் புதினமும், டேவிட் லாசர் எழுதிய விண்வெளிப் பயணம் பற்றிய நூலும் (1931) இவரது சிந்தனையை மாற்றின. முதலாவது நூல் மனித இனத்தின் கோடிக்கணக்கான ஆண்டுகால எதிர்காலத்தைப் பற்றியது. இரண்டாவது நூல் ஏவூர்தியின் மூலம் விண்வெளிக்குச் செல்வது நடக்கக்கூடியதே என்பதைக் கணக்குகளுடன் விளக்கியது.

கோளிடைக் கழகத்தில் சேருதல்

1933 அக்டோபரில் பிலிப் கிளீட்டர் என்பவர் லிவர்பூல் நகரில் பிரித்தானியக் கோளிடைக் கழகத்தை நிறுவினார். ஏவூர்தி ஆய்வை ஊக்குவிப்பதும் விண்வெளிப் பயணம் பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதும் இதன் நோக்கங்கள். உறுப்பினர்களில் பலர் அறிபுனை வாசகர்களாகவே இருந்தனர். 1934 இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, கிளார்க் இக்கழகத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இத்தகைய முயற்சிகள் கேலிக்கு உள்ளாயின. தாரை உந்துகை பற்றிய ஆய்வில் ஈடுபடத் தகுந்த காரணம் இல்லை என்று பிரித்தானிய வான்படை அமைச்சகம் 1934 இல் இக்கழகத்துக்கு மறுமொழி அனுப்பியது. மேலும், 1875 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி தனியார் ஏவூர்தி செய்து சோதிப்பதற்குத் தடை இருந்தது. எனவே செருமனி, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆர்வலர்களைப் போல இவர்களால் ஏவூர்திகளைச் செலுத்திப் பார்க்க இயலவில்லை. இவர்களுக்கு எஞ்சியிருந்த வழிகள் கணக்கிடுதல், வரைதல், எழுதுதல், பேசுதல் ஆகியவையே. கிளார்க்குக்கு இவை நன்கு பொருந்தின.

இலண்டன் வாழ்க்கையும் லீட்ஸ் மாநாடும்

பல்கலைக்கழகத்தில் படிக்கக் குடும்பத்தில் பொருள் வசதி இல்லாததால் கிளார்க் அரசுப் பணித் தேர்வு எழுதி, 1936 இல் இலண்டனில் தணிக்கைத் துறையில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குகளைச் சரிபார்ப்பது இவரது வேலை. கணக்கில் விரைவு உடையவராதலால் அலுவலகப் பணியை எளிதில் முடித்துவிட்டு, மிகுந்த நேரத்தைச் சங்கப் பணிகளுக்குச் செலவிட்டார். அதே ஆண்டில் கோளிடைக் கழகத்தின் தலைமையகமும் லிவர்பூலிலிருந்து இலண்டனுக்கு மாறியது. கிளார்க் அதன் பொருளாளராகப் பொறுப்பேற்றார்.

1937 சனவரி 3 அன்று லீட்ஸ் நகரில் உள்ள பிரம்மஞான சபை மண்டபத்தில் அறிபுனை ஆர்வலர் மாநாடு ஒன்று நடைபெற்றது. முன்கூட்டியே திட்டமிட்டு அறிவிக்கப்பட்டு நடந்த உலகின் முதல் அறிபுனை மாநாடு இதுவெனப் பலர் கருதுகின்றனர். 1936 இல் பிலடெல்பியாவில் நடந்த சந்திப்பே முதலாவது என்று கூறுவோரும் உள்ளனர். லீட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்கள் இருபது பேர் அளவிலேயே இருந்தனர். கிளார்க்குடன் வால்டர் கில்லிங்ஸ், டெட் கார்னெல், மாரிஸ் ஹான்சன், எரிக் ஃபிராங்க் ரசல் ஆகியோரும் பங்கேற்றனர். அமெரிக்க இதழ் ஒன்றின் கிளைகளாக இயங்குவதை விடுத்து, பிரித்தானிய ஆர்வலர்களுக்கெனத் தனிச் சங்கம் வேண்டும் என்று இம்மாநாடு முடிவு செய்தது. இவ்வாறு அறிபுனைச் சங்கம் தோன்றியது.

நன்ஈட்டன் கிளையினர் 1936 முதல் நடத்திவந்த நோவே டெரே (புதிய உலகங்கள் என்று பொருள்படும் இலத்தீன் பெயர்) என்னும் சிற்றிதழ் இச்சங்கத்தின் அதிகாரப்பூர்வ இதழாயிற்று. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுக்கப்பட்ட இவ்விதழுக்குக் கிளார்க் துணையாசிரியராக இருந்தார். சங்கம் வெளியிட்ட அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரீஸ் என்னும் மற்றோர் இதழில், 1937 டிசம்பரில், இவரது முதல் சிறுகதை வெளியானது. கம்பி வழியாக மனிதர்களை அனுப்பும் பொறி ஒன்றைப் பற்றிய நகைச்சுவைக் கதை அது. இவ்விதழ்களில் எழுதியோருக்கு ஊதியம் வழங்கப்படவில்லை.

கிரேஸ் இன் சாலைக் குடியிருப்பு

1938 இல் கிளார்க்கும் நண்பர் வில்லியம் டெம்பிளும் இலண்டன் கிரேஸ் இன் சாலையில் 88 ஆம் எண் கட்டடத்தின் மாடிக் குடியிருப்பை வாடகைக்கு எடுத்தனர். பின்னர் மாரிஸ் ஹான்சனும் உடன் சேர்ந்துகொண்டார். டெம்பிள் பங்குச் சந்தையில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் இவரும் எழுத்தாளரானார்.

இக்குடியிருப்பு சில காலம் கோளிடைக் கழகம், அறிபுனைச் சங்கம், நோவே டெரே இதழ் ஆகிய மூன்றுக்கும் அலுவலகமாக விளங்கியது. வாரந்தோறும் ஆர்வலர்கள் இங்கும் அருகில் இருந்த மதுவிடுதியிலும் கூடினர். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்கும் இதுவே இடமாயிற்று. கிளார்க் தம்மைப் பற்றியும் தம் திட்டங்களைப் பற்றியும் ஓயாமல் பேசும் வழக்கம் உடையவராதலால் நண்பர்கள் இவருக்குத் தன்முனைப்பைக் குறிக்கும் ஈகோ என்ற பட்டப்பெயரைச் சூட்டினர். கிளார்க் இதனைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் கொழும்பு இல்லத்தில் தம் விருதுகளையும் படங்களையும் வைத்திருந்த அறைக்கும் ஈகோ அறை என்றே பெயரிட்டார்.

1939 இல் டெட் கார்னெல் நோவே டெரேயின் பொறுப்பை ஏற்று அதன் பெயரை ஆங்கிலத்தில் நியூ வேர்ல்ட்ஸ் என்று மாற்றினார். போருக்குப் பின்னர், 1946 இல், இப்பெயரிலேயே அச்சு இதழ் வெளிவரத் தொடங்கியது. பிரித்தானிய அறிபுனை வரலாற்றில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற இதழாக இது வளர்ந்தது.

நிலவுக் கலத் திட்டம்

ஏவூர்தி செலுத்த இயலாத நிலையில், கோளிடைக் கழகத்தின் தொழில்நுட்பக் குழு நிலவுக்குச் சென்று திரும்பும் கலம் ஒன்றைத் தாளில் வடிவமைத்தது. ஆர். ஏ. ஸ்மித், எச். இ. ராஸ், ஜே. ஹேப்பியன் எட்வர்ட்ஸ், ஆர்தர் ஜான்சர், கிளார்க் முதலியோர் இதில் ஈடுபட்டனர். வேலை முடிந்த மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் இவர்கள் கூடிக் கணக்கிட்டனர். இதன் விவரங்கள் 1939 இல் கழகத்தின் இதழில் வெளியாயின.

இத்திட்டத்தின் சில கூறுகள் பின்வருமாறு:

- கலத்தின் மொத்த எடை ஏறத்தாழ 1,000 டன். பயணிகள் மூவர்.
- திட எரிபொருள் நிரப்பிய மிகப் பல குழாய்கள் தேன்கூடு போல அடுக்கப்பட்டிருக்கும். எரிந்து முடிந்த குழாய்கள் கழன்று விழுவதால் கலத்தின் எடை படிப்படியாகக் குறையும்.
- நிலவில் அதிர்வின்றி இறங்குவதற்காக அதிர்வு தாங்கும் கால்கள் பொருத்தப்பட்டிருக்கும்.

சுழலும் கலத்திலிருந்து பார்க்கும்போது விண்மீன்கள் அசையாமல் தெரிவதற்கான ஒளியியல் கருவி ஒன்றையும் கழகத்தினர் உண்மையாகவே செய்து காட்டினர். நிலவில் கால்களுடன் இறங்கும் முறையும், பயன்பட்டு முடிந்த பகுதிகளைக் கழற்றி விடும் முறையும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பல்லோ பயணங்களில் நடைமுறைக்கு வந்தன. எனினும் அப்பல்லோவின் முதன்மை ஏவூர்தி திரவ எரிபொருளில் இயங்கியது. ஆகவே கழகத்தின் திட்டத்தை அப்பல்லோவின் முன்வரைவு என்று கூறிவிட முடியாது. இத்திட்டம் வெளியான அதே 1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. கழகத்தின் பணிகள் நிறுத்தப்பட்டன. கிரேஸ் இன் சாலைக் குழுவினரும் பிரிந்தனர்.

போர்க்காலமும் 1945 ஆம் ஆண்டுக் கட்டுரையும்

1941 இல் கிளார்க் பிரித்தானிய வான்படையில் சேர்ந்து ரேடார் பயிற்சி பெற்றார். மூடுபனியில் தரை தெரியாத வானோடிகளுக்கு, ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே தரையிலிருந்து வானொலி மூலம் வழிகாட்டி விமானத்தை இறக்கும் முறை அப்போது சோதனையில் இருந்தது. லூயிஸ் ஆல்வாரெஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு உருவாக்கிய இக்கருவியைக் கிளார்க் இயக்கினார். இந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு கிளைட் பாத் (1963) என்னும் புதினத்தை எழுதினார்.

போரின் இறுதியில் செருமனியின் வி-2 ஏவூர்திகள் இலண்டனைத் தாக்கின. கோளிடைக் கழகத்தினர் பல ஆண்டுகளாகக் கூறிவந்த பெரிய ஏவூர்தி, அழிவுக் கருவியாக உண்மையாயிற்று. இதனை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்துவது பற்றிக் கிளார்க் 1945 பிப்ரவரியில் வயர்லெஸ் வேர்ல்டு என்னும் இதழுக்குக் கடிதம் எழுதினார். புவியைச் சுற்றும் செயற்கைத் துணைக்கோள்களைக் கொண்டு வானொலி அலைகளை அஞ்சல் செய்யும் எண்ணம் அக்கடிதத்தின் இறுதியில் இடம்பெற்றிருந்தது. இது நிறைவேற அரை நூற்றாண்டு ஆகலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

1945 மே 25 அன்று இவ்வெண்ணத்தை விரிவாக எழுதி, தட்டச்சுப் படிகளைக் கோளிடைக் கழகத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கு அனுப்பினார். உலகத் தொலைத்தொடர்பை மாற்றவிருந்த கருத்து முதலில் ஓர் ஆர்வலர் கழகத்தின் சுற்றறிக்கையாகவே வெளிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வான்படைத் தணிக்கையின் ஒப்புதல் பெற்ற பின்னர் திருத்திய வடிவம் வயர்லெஸ் வேர்ல்டு இதழின் 1945 அக்டோபர் பதிப்பில் வெளியாயிற்று.

கட்டுரையின் கருத்து பின்வருமாறு: ஒரு துணைக்கோள் புவியிலிருந்து தொலைவில் செல்லச் செல்ல அது புவியைச் சுற்றிவர எடுக்கும் நேரம் கூடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்நேரம் புவியின் சுழற்சி நேரத்துக்குச் சமமாகிவிடும். அங்குள்ள துணைக்கோள் தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். எனவே தரையில் உள்ள அலைவாங்கியை நகர்த்தாமல் ஒரே திசையில் நிறுத்தி வைக்கலாம். சம இடைவெளியில் மூன்று துணைக்கோள்களை நிறுத்தினால், துருவப் பகுதிகள் நீங்கலாக, உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பவும் ஒளிபரப்பவும் முடியும்.

இத்தகைய சுற்றுப்பாதையைப் பற்றி உருசியாவின் சியோல்கோவ்ஸ்கியும், 1928 இல் எர்மான் பொட்டோச்னிக்கும் முன்னரே எழுதியிருந்தனர். அதனைத் தொலைத்தொடர்பு வலையமைப்பாக அலைவரிசை, மின்திறன் கணக்குகளுடன் விளக்கியதே கிளார்க்கின் பங்களிப்பு. வெற்றிடக் குழல்கள் அடிக்கடி பழுதாகும் என்பதால், அவற்றை மாற்ற விண்நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். டிரான்சிஸ்டர் 1947 இல் கண்டுபிடிக்கப்பட்டதால் அத்தேவை ஏற்படவில்லை. 1964 இல் சின்காம் 3 முதல் புவிநிலைச் செயற்கைக்கோளாக நிலைநிறுத்தப்பட்டது. 1965 இல் ஏர்லி பேர்டு என்னும் வணிகச் செயற்கைக்கோள் செயல்படத் தொடங்கியது. அரை நூற்றாண்டு என்று கிளார்க் மதிப்பிட்டது இருபது ஆண்டுகளிலேயே நிறைவேறியது. அவர் இக்கருத்துக்குக் காப்புரிமை பெறவில்லை; அதனால் இழந்த செல்வத்தைப் பற்றி நகைச்சுவையாகக் கட்டுரை ஒன்று எழுதினார். இச்சுற்றுப்பாதை அவரது பெயரால் கிளார்க் சுற்றுப்பாதை எனவும் வழங்கப்படுகிறது.

கழகத் தலைவர்

போர் முடிந்ததும் நாட்டின் பல பகுதிகளில் இயங்கிய விண்வெளி ஆர்வலர் குழுக்கள் ஒன்றிணைந்து கோளிடைக் கழகம் மீண்டும் அமைக்கப்பட்டது. கிளார்க் 1946-47 காலப்பகுதியிலும், மீண்டும் 1951 முதல் 1953 வரையிலும் அதன் தலைவராக இருந்தார். முதல் முறை தலைவராக இருந்தபோது அவர் பல்கலைக்கழக மாணவர். படைப்பணி முடித்தோருக்கான உதவித்தொகையைக் கொண்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த அவர், 1948 இல் இயற்பியலிலும் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார்.

விண்வெளிப் பயணம் மனித இனத்துக்கு ஏன் தேவை என்பதை விளக்கும் தம் கட்டுரை ஒன்றைக் கிளார்க் நாடகாசிரியர் ஜார்ஜ் பெர்னாட் சாவுக்கு அனுப்பினார். அதனைப் படித்த சா, 91 ஆம் வயதில் கழகத்தின் உறுப்பினராகச் சேர்ந்து இறுதிவரை அவ்வாறே இருந்தார். சிறுவயதில் தம்மைக் கவர்ந்த ஓலாஃப் ஸ்டேப்பிள்டனை 1948 இல் கழகத்துக்கு அழைத்து விரிவுரை ஆற்றச் செய்தார். விண்வெளிப் பயணத்தை ஐயத்துடன் நோக்கிய எழுத்தாளர் சி. எஸ். லூயிசுடனும் 1943 முதல் கடிதம் மூலம் வாதாடினார். கருத்து வேறுபாடு இருந்தும் இருவரும் நட்புடன் பழகினர்.

1951 செப்டம்பரில் இரண்டாவது அனைத்துலக விண்வெளிப் பேராயம் இலண்டனில் நடைபெற்றது. கோளிடைக் கழகமே இதனை ஏற்று நடத்தியது. அனைத்துலக விண்வெளிக் கூட்டமைப்பு இப்பேராயத்தில் உருவாக்கப்பட்டது. கழக உறுப்பினர் வால் கிளீவர் பின்னர் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஏவூர்திப் பொறிப் பிரிவில் தலைமைப் பொறுப்பை வகித்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் அமைச்சகத்தால் புறக்கணிக்கப்பட்ட துறை இவ்வாறு அறிவியல் உலகில் மதிப்புப் பெற்றது.

வெள்ளைக் குதிரை விடுதி

1946 முதல் இலண்டன் அறிபுனை ஆர்வலர்கள் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ஃபெட்டர் சந்தில் உள்ள வெள்ளைக் குதிரை என்னும் மதுவிடுதியில் கூடினர். உறுப்பினர் கட்டணமோ நிகழ்ச்சி நிரலோ இல்லாத இக்கூட்டத்துக்கு ஜான் விண்டம், ஜான் கிறிஸ்டோபர் ஆகிய எழுத்தாளர்களும், பதிப்பாசிரியர்களும், புதிய வாசகர்களும் வந்தனர். 1953 இறுதியில் விடுதிக்காரர் வேறு விடுதிக்கு மாறியபோது கூட்டத்தினரும் அவருடனேயே அங்குச் சென்றனர். இவ்விடுதியை மாதிரியாகக் கொண்டு கிளார்க் எழுதிய நகைச்சுவைக் கதைகள் டேல்ஸ் ஃபிரம் தி வைட் ஹார்ட் (1957) என்னும் தொகுப்பாக வெளியாயின. கிளார்க்கின் நண்பர்கள் பலர் இக்கதைகளில் இடம்பெற்றுள்ளனர்.

முழுநேர எழுத்து

1946 இல் அமெரிக்காவின் அஸ்டவுண்டிங் இதழில் கிளார்க்கின் கதைகள் வெளியாகத் தொடங்கின. பட்டம் பெற்ற பின்னர் இயற்பியல் ஆய்வுச் சுருக்கங்களை வெளியிடும் இதழ் ஒன்றில் 1949 முதல் 1951 வரை உதவி ஆசிரியராகப் பணியாற்றினார். கழகக் கூட்டங்களில் பல ஆண்டுகள் விளக்கிவந்த செய்திகளே இன்டர்பிளானட்டரி ஃபிளைட் (1950), தி எக்ஸ்ப்ளொரேஷன் ஆஃப் ஸ்பேஸ் (1951) ஆகிய நூல்களாயின. இரண்டாவது நூல் அமெரிக்காவில் பெரும் விற்பனையைப் பெற்றதால் கிளார்க் முழுநேர எழுத்தாளரானார். 1953 இல் சைல்டுஹுட்ஸ் எண்ட் என்னும் புதினம் வெளிவந்தது. 1956 இல் நியூயார்க்கில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில் கிளார்க் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். தி ஸ்டார் என்னும் சிறுகதைக்காக ஹியூகோ விருதும் அவருக்கு அங்கே வழங்கப்பட்டது. இருபது பேர் கூடிய லீட்ஸ் மாநாட்டிலிருந்து இதற்கு இடைப்பட்ட காலம் 19 ஆண்டுகளே.

இலங்கையில்

1954 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகளைக் காணச் சென்றபோது கிளார்க்கின் கப்பல் கொழும்பில் சிறிது நேரம் நின்றது. அங்கு ஆழ்கடல் மூழ்குநர் ராட்னி ஜோங்க்லாசைச் சந்தித்தார். 1956 இல் நண்பர் மைக் வில்சனுடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்.

அதே ஆண்டில் வில்சனும் கிளார்க்கும் திருகோணமலை சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி ஆய்ந்தபோது, செதுக்கப்பட்ட கல்தூண்கள் முதலிய சிதைவுகளைக் கண்டனர். இவை 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரம் கோயிலின் பகுதிகளாகும். இதனைப் பற்றி கிளார்க் தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன் (1957) என்னும் நூலில் எழுதினார்.

1961 இல் அறிவியலைப் பரப்பியமைக்காக யுனெஸ்கோவின் கலிங்க விருதைப் பெற்றார். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம் இந்தியா, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் மூலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் ஓர் அலைவாங்கியை நிறுவினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதை அவர் தம் வீட்டிலேயே கண்டார்.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். இலங்கை வானியல் சங்கத்தின் புரவலராகவும் விளங்கினார். 1984 இல் அவரது பெயரால் நவீன தொழில்நுட்ப மையம் ஒன்று இலங்கையில் நிறுவப்பட்டது. பிரித்தானிய ஆர்வலர்களையும் அவர் மறக்கவில்லை. அவர் அளித்த நன்கொடையைக் கொண்டு சிறந்த அறிபுனைப் புதினத்துக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது ஏற்படுத்தப்பட்டு, 1987 இல் முதன்முறையாக மார்கரெட் அட்வுட்டுக்கு வழங்கப்பட்டது. 1958 இல் ஆர்வலர்கள் தொடங்கிய பிரித்தானிய அறிபுனைச் சங்கத்தின் உறுப்பினர்களும் இவ்விருதின் நடுவர்களாக உள்ளனர்.

பிற்காலமும் மறைவும்

இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவுகளால் கிளார்க் தம் இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் ஹிக்கடுவையில் இருந்த அவரது மூழ்குதல் பயிற்சி நிலையம் அழிந்தது. 2005 இல் இலங்கையின் மிக உயர்ந்த குடிசார் விருதான ஸ்ரீலங்காபிமான்ய அவருக்கு வழங்கப்பட்டது. 2007 டிசம்பரில் 90 ஆம் பிறந்தநாளையொட்டி அவர் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். வேற்றுலக உயிரினம் பற்றிய சான்று கிடைத்தல், மனிதர் எண்ணெய்யைச் சார்ந்திருப்பதை விடுத்துத் தூய ஆற்றலுக்கு மாறுதல், இலங்கையில் நிலையான அமைதி ஏற்படுதல் ஆகியவை அவை. உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்திலேயே முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2008 மார்ச் 19 அன்று, கிளார்க் கொழும்பில் காலமானார். அவரது விருப்பப்படி எவ்விதச் சமயச் சடங்கும் இன்றி பொறளை பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரது கடைசிப் புதினமான தி லாஸ்ட் தியரம் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. உடல்நலக் குறைவால் தனித்து எழுத இயலாத நிலையில், அமெரிக்க எழுத்தாளர் ஃபிரடெரிக் போலுடன் இணைந்து இதனை உருவாக்கினார். போலும் 1930களில் நியூயார்க்கின் ஆர்வலர் சங்கங்களில் வளர்ந்தவர். இப்புதினத்தின் கதைத்தலைவன் ரஞ்சித் சுப்பிரமணியன், திருக்கோணேச்சரம் கோயில் குருக்களின் மகனாகிய திருகோணமலைத் தமிழன். ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்துக்கு எளிய நிறுவலைக் கண்டறிகிறான். 1956 இல் கிளார்க் நீருக்கடியில் கண்ட கோயில் இவ்வாறு அவரது இறுதி நூலில் இடம்பெற்றது.

மதிப்பீடு

கிளார்க்கின் எதிர்வுகூறல்கள் அனைத்தும் பலிக்கவில்லை. நிலவில் நிரந்தரக் குடியிருப்பு, கோள்களுக்கு மனிதப் பயணம் ஆகியவை அவர் எதிர்பார்த்த காலத்தில் நிகழவில்லை. அவரது கதை மாந்தர் போதிய ஆழம் இல்லாதவர்கள் என்ற திறனாய்வும் உண்டு. எனினும், பட்டமோ பணமோ இல்லாத தணிக்கை எழுத்தர் ஒருவர் தம் கருத்தைச் சொல்லவும், பிறர் அதனைப் படித்துத் திருத்தவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அவ்விடத்தை அவருக்கு அளித்தவை சந்தாவாலும் சைக்ளோஸ்டைல் இதழ்களாலும் இயங்கிய சிறு சங்கங்களே. கோளிடைக் கழகம் இன்றும் இலண்டனில் இயங்கி வருகிறது.

முக்கிய நூல்கள்

- சைல்டுஹுட்ஸ் எண்ட் (1953)
- டேல்ஸ் ஃபிரம் தி வைட் ஹார்ட் (1957)
- 2001: எ ஸ்பேஸ் ஒடிசி (1968)
- ராண்டெவூ வித் ராமா (1973) - ஹியூகோ, நெபுலா விருதுகள் பெற்றது
- தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் (1979) - சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் நினைவூட்டும் களத்தில் அமைந்தது. ஹியூகோ, நெபுலா விருதுகள் பெற்றது
- தி லாஸ்ட் தியரம் (2008) - ஃபிரடெரிக் போலுடன்